தலைநகர் உலா: இந்து ராவ் மாளிகை

பாளையங்கோட்டையிலிருந்து உத்தியோகம் நிமித்தமாக டில்லிக்கு வந்த இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கின்றார். சென்ற மாதம் ஒரு காலை, கைக்குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் என்று என்னிடம் ஓடிவந்தார். இந்து ராவ் மருத்துவமனைக்குப் போகும்படி அண்டை வீட்டார் கூறினராம். "ஐயா, நாங்கள் கிறிஸ்தவர்களாயிற்றே, அங்கே சேர்த்துக்கொள்வார்களா?" என்று தயங்கியபடி கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தி புரியாத ஊரில் ஒரு பெயர்ப்பலகையே மதிலாக நிற்கக்கூடும். "தம்பி, அது ஓர் ஆளின் பெயர், புறப்படுங்கள்" என்று உடன் சென்றேன். மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், அவர் மனக்கலக்கம் தணியட்டுமென்று, அவ்விடத்தின் கதையைச் சொல்லலானேன். அன்பர்களும் கேட்கட்டும் என்றே இங்கு எழுதுகின்றேன்.

பழைய டில்லியின் கோட்டைச் சுவருக்கு வடமேற்கே கிடக்கும் பாறைக் குன்றை 'ரிட்ஜ்' என்பர். அதன்மேல் 1830ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது ஒரு பெரும் மாளிகை. அங்கே வாழ்ந்தவர் வில்லியம் பிரேசர். ஸ்காட்லாந்தில் பிறந்து, கும்பினியாரின் பிரதிநிதியாக டில்லியில் ஆட்சி செலுத்தியவர். மொகலாயப் பிரபுக்களின் நடையுடை பாவனைகளை விரும்பியவர். கவிஞர் காலிப்பின் நண்பர்.

1835ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இரவு, வீடு திரும்பிக் கொண்டிருந்த பிரேசர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பெயர் கரீம் கான். அவனை ஏவியவர் பிரோஸ்பூர் ஜிர்க்காவின் நவாப் ஷம்சுத்தீன் அகமது கான் என்று விசாரணையில் முடிவாயிற்று. லோகாரு என்னும் பகுதி தமக்கா, தம் மாற்றாந்தாய்ச் சகோதரர்களுக்கா என்ற வழக்கில் பிரேசர் எதிர்ப்பக்கம் நின்றதே பகைக்கு மூலம். அவ்வாண்டு அக்டோபரில் நவாபும் தூக்கிலிடப்பட்டார். காலிப்பின் மனைவிக்கு அந்த நவாப் நெருங்கிய உறவினர். ஆனால் காலிப்புக்கோ அவரோடு ஓய்வூதியத் தகராறு. காட்டிக்கொடுத்தவர் கவிஞரே என்று ஊரார் சிலர் முணுமுணுத்தனர். தூக்கிலேறிய நவாபின் மகன், அப்பொழுது நான்கு வயதுப் பாலகன், பிற்காலத்தில் 'தாக்' என்ற புனைபெயரில் உருதுக் கவிதையில் பெரும் புகழ் பெற்றான். அந்த வழக்கில் எஞ்சிய நற்பொருள் அது ஒன்றே என்பது என் எண்ணம்.

அதன்பின் மாளிகையை வாங்கியவரே நம் இந்து ராவ். குவாலியர் மன்னர் தௌலத் ராவ் சிந்தியாவின் மனைவி பைஜா பாயின் சகோதரர், மராட்டியர். அவரும் நம்மைப் போலவே டில்லிக்கு வந்தேறியவர்தாம். சில காலமே வாழ்ந்து, 1857க்கு முன்னரே காலமானார். ஆயினும் பிரேசரின் பெயர் உதிர்ந்துபோக, அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1857ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஆங்கிலேயர் ரிட்ஜைக் கைப்பற்றினர். நகரம் சிப்பாய்கள் வசம். குன்று ஆங்கிலேயர் வசம். நகரை நோக்கிய இம்மாளிகையே அவர்களின் முன்னணிக் காவலிடமாயிற்று. அதைக் காத்து நின்ற முதன்மைப் படை, மேஜர் ரீட் தலைமையிலான சிர்மூர்ப் பட்டாளம். அதாவது நேபாளத்துக் கூர்க்கர்கள். செப்டம்பர் 14ஆம் நாள் இறுதித் தாக்குதல் வரையில் குண்டுகள் விழுந்தவண்ணமிருந்தன. 490 கூர்க்கர்களில் இறந்தோரும் காயமுற்றோருமாக 327 பேர். எவருடைய வீட்டுக்காக, எவருடைய நகரை எதிர்த்து அந்த மலைநாட்டார் உயிர் கொடுத்தனர் என்று எண்ணும்போது மனம் கனக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மருத்துவமனை தோன்றியது. பழைய வீடு உருமாறி அதற்குள் அடங்கிவிட்டது. இன்று மாநகராட்சி நடத்தும் மருத்துவமனைகளில் இதுவே பெரியது.

அருகிலேயே சாலையோரத்தில் அசோகர் தூண் ஒன்று நிற்கின்றது. அதுவும் இவ்வூர்ப் பொருளன்று. மீரட்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கொணர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வெடிவிபத்தில் ஐந்து துண்டாயிற்று. 1867இல் ஒட்டி நிறுத்தினர். அத்தூணில் நம் நாட்டைப் பற்றிய சொல் இல்லை. ஆனால் அதே அசோகர், கிர்நார் முதலிய இடங்களிலுள்ள பாறைச் சாசனத்தில், சோழர் பாண்டியர் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதாகப் பொறித்துள்ளார்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே குழந்தையின் முறை வந்துவிட்டது. "சாதாரணக் காய்ச்சல்தான்" என்றார் மருத்துவர். சீட்டில் தகப்பனார் பெயரை எழுதினர். மதத்தை எவரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் தூணருகே வண்டியை நிறுத்தச் சொன்னார் அந்த இளைஞர். குரங்குகள் மிகுதியாக இருந்தமையால் இறங்காமலே பார்த்துவிட்டு வந்தோம்.