கட்டா வேண்டாமாம், மெடல் மட்டும் வேணுமாம்!

"கட்டா எல்லாம் டைம் வேஸ்ட் சார். ஃபைட் சொல்லிக் கொடுத்தா மெடலாவது வரும்." புனேயில் ஜூடோ வகுப்பு வாசலில் நம்மவர்கள் பேசிக்கொள்வது இது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீச்சுகளை ஜோடியாக, வரிசை மாறாமல் செய்து பழகுவதுதான் கட்டா. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதை இலக்கணத்துக்கும், ராண்டோரி என்கிற பயிற்சிச் சண்டையைக் கட்டுரை எழுதுவதற்கும் ஒப்பிட்டார். இலக்கணம் வேண்டாம், கட்டுரைப் போட்டியில் பரிசு மட்டும் வேண்டும் என்றால் எப்படி ஐயா? பற்று-வரவு தெரியாதவன் பாலன்ஸ் ஷீட் போட்ட கதைதான்!

நாகே-நோ-கட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 வீச்சுகள். கை, இடுப்பு, கால் என்று நின்றபடி வீசுபவை 9. தானும் தரையில் சாய்ந்து வீசுபவை 6. எல்லாவற்றையும் வலம், இடம் இரண்டு பக்கமும் செய்தாக வேண்டும். சண்டையில் உங்கள் பையன் கைவந்த ஒரே வீச்சை வைத்து ஒப்பேற்றிவிடுவான். இங்கே அந்தப் பருப்பு வேகாது.

விழுகிறவனும் பொம்மை இல்லை. ஒரு முறை செய்து முடிக்க அவன் 30 தடவை விழுந்து எழ வேண்டும். தலையில் அடிபடாமல் விழும் பழக்கம் அப்படித்தான் உடம்பில் ஊறும். இதைவிடவா மெடல் பெரிது?

மெடல்தான் வேண்டும் என்றாலும், 2009-இல் மால்டாவில் உலக கட்டா சாம்பியன்ஷிப்பே தொடங்கிவிட்டது. எடைப் பிரிவுகூடக் கிடையாது.

அடுத்த வாரம் மாஸ்டரிடம், "எப்போ டோர்னமென்ட்?" என்று கேட்பதற்கு முன்னால், "எப்போ கட்டா?" என்று கேளுங்கள்.