மணிக்கூட்டு றேடியோ ஷோகேசுக்கு இல்லை

பழைய மணிக்கூட்டு றேடியோக்கள் இப்ப 'விண்டேஜ்' சாமான் ஆகிவிட்டன. உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் பூட்டி, ஷோகேசில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். பார்க்க வடிவுதான். ஆனால் மன்னாரைப் பொறுத்தவரை அது ஒரு சாட்சியின் வாயை அடைக்கிற வேலை.

1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. பழைய நேரம் திரும்பி வர 2006 ஏப்ரல் ஆனது. புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அதனால் மன்னார்த் தீவில் ஒரு நேரம், பெருநிலத்தில் அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில் இன்னொரு நேரம். 2002 சமாதானத்துக்குப் பிறகு உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். இரவு பிபிசி தமிழோசை அங்கே 9.15, இங்கே 9.45. ஒரே குரல், ஒரே செய்தி, ரெண்டு மணிக்கூடு.

குரலையும் நேரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்த சாமான் இது. ஒரு மாவட்டம் ரெண்டாகப் பிரிந்து கிடந்ததை இதைவிடச் சுருக்கமாக எதால் காட்ட ஏலும்?

எனவே சேர்க்கிறவர்கள் முதலில் திருத்தப் பழக வேண்டும். இங்கே பெரிய எதிரி உப்புக்காத்துத்தான். பற்றரி முனைகளிலும் சுவிட்சிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். பாவிக்காமல் வைக்கும்போது 9 வோல்ட் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். பின்மூடியைத் திறக்க முன்னம் பிளக்கைக் கழற்றுங்கள். 'உம்' என்று இரைந்தால், பெரும்பாலும் பழைய கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். வொலியூம் திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசி. துப்புரவு செய்தாலே அனேகமாகச் சரிவரும்.

கனடாவில் இருந்து வந்த பெட்டி என்றால் இன்னொரு சிக்கல். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் போட்டு வோல்டைக் குறைத்தாலும், மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடுகிற மணிக்கூடு மணிக்குப் பத்து நிமிசம் பிந்தும். பழுது என்று எறியாதேங்கோ. சிலதில் 50/60 மாற்றுகிற சுவிட்ச் பின்னாலேயே இருக்கும்.

"திருத்தி என்ன கேட்கிறது? ஃபோனில் எல்லாம் இருக்கே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தமிழோசை வானொலியும் 2017இல் நின்றுவிட்டது. ஆனால் எஃப்எம் இன்னும் வருகிறது, அலாரம் இன்னும் அடிக்கும். ஓடுகிற பெட்டியைப் பார்த்தால்தான் வீட்டிலுள்ள பெரியவர்கள் கதைக்கத் தொடங்குவார்கள். ஷோகேசில் கிடக்கிற வெறுங்கூட்டிடம் யாருக்கும் கதை ஞாபகம் வராது.

அடுத்த முறை ஒன்றை வாங்கும்போது விலையை மட்டும் பேசாதேங்கோ. எந்த ஊரில் இருந்தது, யார் கொண்டு வந்தது, 1996க்குப் பிறகு எந்த நேரத்தைக் காட்டியது என்று கேளுங்கள். ஒரு துண்டில் எழுதிப் பின்மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். பிறகு பெட்டியை ஓட விடுங்கள்.