பத்து மார்க் வாங்கினேன், நாசிலில் தோற்றேன்!



ரெக்கார்டு நோட்டில் இன்ஜெக்டர் படம் வரைவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. நீடில், ஸ்பிரிங், நாசில் பாடி என்று பாகம் குறித்து, பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். அந்தப் பத்து மார்க் கொடுத்த தைரியத்தால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

என் தாய்மாமா கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குகிறவர். பழைய நாலு சிலிண்டர் டீசல் ஜீப் ஒன்றுதான் அவருடைய சொத்து. போன செமஸ்டர் லீவில், "மாப்ளே, ஊட்டி ஏத்தத்துல வண்டி கருப்பா புகை தள்ளுது, இழுவையும் இல்ல" என்றார். "நாசில் அடைப்பு மாமா, நானே க்ளீன் பண்ணிடறேன்" என்றேன். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு!

ஞாயிற்றுக்கிழமை நாலு இன்ஜெக்டரையும் கழட்டினேன். ஒரே தட்டில் டீசல் ஊற்றி எல்லா நீடிலையும் ஊறப் போட்டேன். ஸ்டீல் பிரஷால் நுனியைப் பளபளவென்று தேய்த்தேன். பழைய செப்பு வாஷரையே போட்டுப் பூட்டினேன். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பேட்டரி இறங்கின பிறகுதான், லைனில் காற்று புகுந்திருக்கும் என்று மூளைக்கு எட்டியது. ஃபில்டர், பம்ப், பிறகு இன்ஜெக்டர் நட்டு என்று வரிசையாகக் காற்றை வெளியேற்றி, ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். பிடித்தது. ஆனால் கடகடவென்று சத்தம், வெள்ளைப் புகை, நடுவே மிஸ்ஸிங்!

திங்கட்கிழமை இலை மூட்டைகள் காத்துக் கிடந்தன. பறித்த இலை அன்றே ஃபேக்டரிக்குப் போக வேண்டும். மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், விலை போகாது. மாமா தன் கைக்காசில் வாடகை வண்டி பிடித்து இலையை அனுப்பினார். என்னைத் திட்டவில்லை. "நீ படிப்பைப் பாரு மாப்ளே, வண்டியை விட்டுடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை!

குன்னூரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். டிப்ளமோ இல்லாதவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தார். ஆயில் மட்டம் ஏறியிருந்தது, டீசல் வாடை. "எரியாத டீசல் கீழே இறங்கியிருக்கு தம்பி. இப்படியே ஓட்டினா பேரிங் போயிடும்" என்று சொல்லி, முதலில் ஆயிலை மாற்ற வைத்தார்.

அடுத்து, எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஒவ்வொரு பைப் நட்டாகத் துணி போர்த்தி அரைச் சுற்றுத் தளர்த்தினார். நல்ல சிலிண்டரில் எஞ்சின் தடுமாறியது. மூணாவதில் தடுமாற்றமே இல்லை, கடகட சத்தம்தான் நின்றது. அந்த இன்ஜெக்டரை ஒண்ணாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். கோளாறும் கூடவே போனது. ஆகவே வால்வு, கம்ப்ரஷன் மேல் சந்தேகம் இல்லை, கோளாறு இன்ஜெக்டரில்! ரெண்டாவதைச் சுற்றிக் கருப்பு நுரை. அது நான் மறுபடி போட்ட பழைய வாஷரின் வேலை.

பம்ப் சர்வீஸ் கடையின் டெஸ்டரில் மிச்சமும் வெளிச்சத்துக்கு வந்தது. மூணாவது நாசில் பனி போலத் தூவாமல், குழாய் மாதிரி சொட்டியது. நாலாவதில் ரிட்டர்ன் அளவுக்கு மேல் போனது. காரணம், தட்டில் நீடில்கள் ஜோடி மாறிவிட்டன. நீடிலும் பாடியும் சேர்த்தே லேப்பிங் செய்யப்பட்ட ஜோடி. நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் பருமன்! பழைய எஞ்சின்களில் இந்த நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறக்கிறது. சரியான எண் அந்தந்த எஞ்சின் கையேட்டில் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சங்கதியா இது?

இதைவிடப் பெரிய அவமானம் இனிமேல்தான். கருப்புப் புகைக்கு நாசில் காரணமே இல்லை! மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் பம்ப் அனுப்புவது அதே டீசல், கிடைப்பதோ குறைந்த காற்று. போதாததற்கு மாமாவின் ஏர் ஃபில்டர் புழுதியில் அடைத்துப் போயிருந்தது. நோய் மூக்கில், நான் அறுத்தது தொண்டையை!

தோழர்களே, "படிக்கிற பையன் வண்டியில் கை வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கை வைக்காமல் வருகிற படிப்பு வைவாவோடு முடிந்துவிடும். ஆனால் சோதிக்காமல் கழட்டுவதும், சோதிக்காமல் பூட்டுவதும் தொழில் அல்ல. சுத்தம் செய்வது பாதி வேலை. திறக்கும் அழுத்தம், தூவல், சொட்டு, ரிட்டர்ன் இந்த நாலையும் பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நாம் படமாக வரைகிறோமே தவிர, எத்தனை பேர் டெஸ்டர் கைப்பிடியை அமுக்கியிருக்கிறோம்?

இன்றைய வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்த பிறகு, புது டீசல் வண்டிகள் காமன் ரெயில் வண்டிகள். அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அதில் ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டி வரலாம். டெஸ்டரில்கூட தூவலுக்கு நேரே விரலை நீட்டாதீர்கள்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு மாணவனும் ஒரு நாசிலையாவது தன் கையால் டெஸ்டரில் வைத்துப் பார்க்க லேப் நேரம் கேட்போம். டிப்ளமோ இல்லாவிட்டாலும் அனுபவத்தில் நமக்கு ஆசானாக இருக்கும் மெக்கானிக் அண்ணன்மாரை வருஷத்தில் ஒரு நாளாவது நம் வொர்க்‌ஷாப்புக்கு அழைப்போம்.

அந்த ஜீப் இப்போது நன்றாக ஓடுகிறது. போன மாதம் மாமா ஃபோன் செய்தார். "மாப்ளே, ஸ்டார்ட்டிங் கொஞ்சம் லேட்டாகுது. வந்து பார்க்கிறியா?"

"வர்றேன் மாமா" என்றேன். "ஆனா மொதல்ல எதையும் கழட்ட மாட்டேன்."

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்