பிசினும் குங்கிலியமும்

ஆங்கிலத்திலே ‘கம்’ என்றும் ‘ரெசின்’ என்றும் இரு சொற்கள் உள. இரண்டும் மரப்பட்டையிற் கசிந்து காற்றுப்பட்டு இறுகும் பொருள்களைக் குறிப்பன. இரண்டும் கையில் ஒட்டுவன. ஆதலால் இரண்டையும் ‘பிசின்’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ‘கம் அரபிக்’ என்பதும் பிசின். இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டுகின்ற எப்பொக்சியும் பிசின். நீரைத் தூய்மைசெய்யும் அயன் பரிமாற்றப் பொருளும் பிசின். இவ்வழக்கம் பிழையென்பதும், அதனைத் திருத்தப் புதுச்சொல் எதுவும் புனைய வேண்டுவதில்லை என்பதும் என் துணிபு.

வேறுபாடு சிறிதன்று. முருங்கையிலும் வேம்பிலும் விளாவிலும் வடிவது ‘கம்’. அது சர்க்கரையினத்து மூலக்கூறுகள் நெடுந்தொடராய் இணைந்து ஆயது. நீரிற் கரையும், அன்றேல் பாதாம் பிசின்போல நீரையுண்டு பன்மடங்கு பருக்கும். எண்ணெயிற் கரையாது. தீயிலிட்டால் உருகாமற் கருகும். ‘ரெசின்’ இதற்கு நேர்மாறானது. நீரோடு உறவு கொள்ளாது. எண்ணெயிலும் மதுசாரத்திலும் பெரும்பாலும் கரையும். தீயில் உருகிச் சுடர்விட்டு மணத்தோடு புகையும். ஒரு பக்கத்திற் ‘பிசின் நீரிற் கரையும்’ என்றும் மறுபக்கத்திற் ‘பிசின் நீரிற் கரையாது’ என்றும் படிக்கும் மாணவன் எதனை நம்புவான்? அவனது விடைத்தாளில் விழும் புள்ளடிக்கு அவன் பொறுப்பல்லன். சொல்லைக் கொடுத்த நாமே பொறுப்பு.

நம் முன்னோர் இவ்விடத்திற் குழம்பியதில்லை. திருக்கடவூரிலே தூபத் தொண்டு செய்த நாயனாருக்குக் குங்கிலியக் கலயர் என்றே பெயர். மனைவியின் தாலியை நெல்லுக்காகக் கொண்டுபோனவர், அதனைக் கொடுத்து வாங்கிவந்ததும் குங்கிலியமே. (அவ்வம்மையார் என்ன நினைத்தார் என்பதைத் தனிக் கட்டுரையில்தான் ஆராயவேண்டும்.) முருங்கைப் பிசினைத் தூபக்காலில் இட்டவர் எவருமிலர். மரக்கலம் கட்டியோர் பலகைப் பொருத்துகளை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சினர். நீரிற் கரையும் பிசினைப் பூசியிருந்தால் கலம் கரைசேர்ந்திராது. சித்த மருத்துவத்துக் குங்கிலிய வெண்ணெயும் நல்லெண்ணெயிற் கரைத்தே ஆக்கப்படுவது. இரசாயனம் கற்காதவர்கள் பொருளின் இயல்பறிந்து பெயரைப் பிரித்து வைத்தார்கள். கற்ற நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

‘குங்கிலியம் ஒரு குறித்த மரத்தின் பொருளாயிற்றே, எல்லா ரெசினுக்கும் அதனைப் பொதுப்பெயராக்கலாமோ?’ என்று வினவுவாருளர். ஆக்கலாம். எள்ளின் நெய் எண்ணெய். ஆயினும் தேங்காயெண்ணெய் என்கிறோம், வேப்பெண்ணெய் என்கிறோம், நிலத்தடியிலிருந்து வந்ததை மண்ணெண்ணெய் என்றோம். எள்ளுக்கு இழப்பொன்றும் நேரவில்லை. அவ்வாறே எப்பொக்சிக் குங்கிலியம் என்பதிலும் இழுக்கில்லை. வடமொழிக் குக்குலுவோடு உறவுடைய சொல் என்று தனித்தமிழன்பர் முகஞ்சுளித்தால், திருமுறை வாசலால் நுழைந்த சொல்லை வெளியேற்ற எனக்குத் துணிவில்லை என்பதே என் மறுமொழி.

ஆங்கிலத்தார் மட்டும் திருத்தமாகப் பேசுகிறார்கள் என்பதன்று. சாம்பிராணி ரெசினே, அவர்கள் வழக்கில் அது ‘கம் பென்சோயின்’. மென்று துப்புகின்ற ‘சூயிங் கம்’ முதலில் ‘சிக்கிள்’ என்னும் மரப்பாலால் ஆனது. அது கம்முமன்று, ரெசினுமன்று. அந்தப் பாலைத் தரும் சப்போட்டா மரமும் நம் கரடியனாற்றுப் பக்கத்துக் காட்டுப் பாலை மரமும் ஒரே பேரினத்தவை. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட பிள்ளை எவரும் அதனைப் பிசின் என்று சொல்லக் கேட்டிலேன். ‘பால்’ என்றே சொல்லும். மரத்திற்கும் அதுவே பெயர். தச்சரோ விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்ததை வச்சிரம் என்றனர். அரக்கு பூச்சியினால் வருவது. ஒட்டுவன எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பசை என்ற சொல் இருக்கிறது. இத்துணைச் செல்வமிருக்க, பிசின் என்னும் ஒற்றைக் காசையே எல்லாக் கடைகளிலும் நீட்டுவானேன்?

சென்னையில் 1936ஆம் ஆண்டு கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாக ஒருவரே அமைந்தது அன்றைய நற்பேறு. இன்று பண்டிதரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே பாடசாலையில் வேறுவேறு அறைகளில் அமர்ந்திருக்கிறோம். சொற்பட்டியல் அச்சேறுமுன் இருவரும் ஒருமுறை சந்தித்தாற் போதும்.

எஞ்சுவது ஒரு முடிச்சு. பெருங்காயத்தை நீரில் உரைத்தால் நீர் பால்போல் வெளுக்கும். அதிலுள்ள பிசின் கரைகிறது. குங்கிலியம் கரையாது நுண்டுளியாய் மிதக்கிறது. வெள்ளைப்போளமும் இவ்வகையே. இயற்கை இரண்டையும் ஒன்றாய்க் கலந்து தந்த இவற்றைப் பிசின்குங்கிலியம் என்று சேர்த்தே வழங்கலாம். இதனினும் இனிய சொல் வைத்திருப்போர் எழுதுக.