வெள்ளத்தில் கரையாத வீட்டு நோட்டு! சாவி யார் கையில்?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சென்னை கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று ஜனங்கள் மாடிக்கு ஓடினார்கள். பீரோவில் இருந்த காகிதங்களை யார் நினைத்தார்கள்?

வெள்ளம் வடிந்தது. பட்டா போயிற்று, பள்ளிச் சான்றிதழ் போயிற்று, ரேஷன் கார்டு போயிற்று என்று பலர் கண் கலங்கினார்கள். அரசாங்கம் அந்த மாதமே சிறப்பு முகாம்கள் நடத்தியது. நகல்களைக் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. நல்ல காரியம்.

ஆனால் எந்த முகாமும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக் குறிப்பு நோட்டு! சீட்டுக் கணக்கு, குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், பாட்டி சொன்ன நார்த்தங்காய் ஊறுகாய் அளவு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்ற பட்டியல். இவற்றுக்கு எந்த ஆபீசில் நகல் இருக்கிறது?

இந்த நோட்டை இன்டர்நெட்டில் வைத்துக்கொள்ள இன்று வழி இருக்கிறது.

ஒரே பைலில் ஒரு நோட்டு

"விக்கி" என்ற சொல்லை விக்கிப்பீடியா மூலம் பலர் அறிவார்கள். "விக்கி விக்கி" என்றால் ஹவாய்த் தீவு பாஷையில் "சீக்கிரம் சீக்கிரம்" என்று அர்த்தம். பார்க்கிறவரே திருத்தக்கூடிய பக்கங்களை 1995-ல் அமைத்த அமெரிக்கர் வார்டு கன்னிங்காம், இந்தப் பெயரை வைத்தார்.

விக்கிப்பீடியா ஊருக்குப் பொது. தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளும் விக்கியும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜெரமி ரஸ்டன் 2004-ல் வெளியிட்ட "டிட்லிவிக்கி" அப்படிப்பட்டது. அதற்குப் பணம் கிடையாது. நோட்டு முழுவதும் ஒரே பைல். எழுதிய குறிப்புகளும் எழுதும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஊறுகாய்க் குறிப்பில் "பாட்டி" என்ற சொல்லைத் தொட்டால், பாட்டியைப் பற்றிய குறிப்பு திறக்கும்படி செய்யலாம்.

பிரவுசர் போடும் தடை

இந்த நோட்டைத் திறப்பது பிரவுசர். குரோம், பயர்பாக்ஸ் போன்றவைதான் பிரவுசர்கள். ஒரு பக்கம் நம் கம்ப்யூட்டரில் உள்ள பைலை இஷ்டம்போல் மாற்றுவதை அவை அனுமதிப்பதில்லை. யாரோ ஒருவனுடைய பக்கம் நம் பைலை அழித்துவிட்டால் என்ன செய்வது? தடை நியாயமானதுதான். ஆனால் அது நோட்டின் சொந்தக்காரரையும் சேர்த்துத் தடுக்கிறது! அவர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதுப் பிரதி ஒன்று இறங்குகிறது. பத்து முறை திருத்தினால் பத்துப் பிரதி. பயர்பாக்ஸில் இதைச் சமாளித்த துணைக் கருவி ஒன்று இருந்தது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் புது உருவம் எடுத்தபோது அதுவும் போயிற்று.

ஆகவே பலர் பைலை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இடங்களில் வைக்கிறார்கள். இதற்கு "மேகம்" என்று பெயர். வானத்தில் ஒன்றும் இல்லை! எங்கோ தரையில் பெரிய கட்டடங்களில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள்தான். பிரவுசரில் ஓடும் சிறு செயலி ஒன்று நம் அனுமதி பெற்று, அங்கிருந்து பைலை எடுத்து வருகிறது. திருத்தியதும் அதே இடத்தில் வைத்துவிடுகிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, அங்கே எழுதிய குறிப்பை இரவில் வீட்டில் திறந்து தொடரலாம். பொதுக் கம்ப்யூட்டராக இருந்தால், எழுந்திருக்கும் முன் கணக்கை மூடிவிட வேண்டும். அதே நோட்டை அதே நேரத்தில் அண்ணனும் திறந்து எழுதினால் வந்தது சங்கடம். கடைசியாகச் சேமித்தவர் எழுத்து, மற்றவர் எழுத்தை விழுங்கிவிடலாம். கூகுள் டிரைவ் பழைய பிரதிகளைப் பொதுவாக 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் கேட்டால் மீட்கலாம்.

பீரோ சாவி எதற்கு?

செயலி கேட்கும் அனுமதியைப் பலர் படிப்பதே இல்லை. "இந்த ஒரு பைலை மட்டும் தொடுவேன்" என்று கேட்பதும் உண்டு. "எல்லாப் பைல்களையும் பார்ப்பேன், திருத்துவேன், அழிப்பேன்" என்று கேட்பதும் உண்டு. ஊறுகாய்க் குறிப்பைத் திருத்த வந்தவனுக்குப் பீரோ சாவி எதற்கு? கொடுத்த அனுமதியைக் கணக்கின் செட்டிங்ஸ் பகுதியில் திரும்பப் பெறலாம்.

கம்பெனிகளும் விதியை மாற்றுகின்றன. டிராப்பாக்ஸில் வைத்த வலைப்பக்கத்தை லிங்க் மூலம் நேரே பிரவுசரில் திறக்கும் வசதி, 2016 அக்டோபரில் இலவசக் கணக்குகளுக்கு நின்றது. 2017 செப்டம்பரில் பணம் கட்டியவர்களுக்கும் நின்றது. கூகுள் டிரைவில் இதுபோன்ற வசதி 2016 ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. பைல் போகவில்லை. திறக்கும் வழி அடைபட்டது.

இன்னொன்று. 2 ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரில் இருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. குடும்பத் தலைவர் இறந்து, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போனால், வெள்ளம் வராமலே நோட்டு போய்விடும்! தமக்குப் பிறகு பைல்களை யாரிடம் கொடுப்பது என்று குறித்து வைக்க கூகுள் கணக்கிலேயே ஏற்பாடு உண்டு. அதைச் செய்து வைப்பவர்கள்தான் குறைவு.

நோட்டு ஒரே பைலாக இருப்பதில் லாபம் இங்கேதான் தெரிகிறது. மாதம் ஒரு தடவை பென் டிரைவில் பிரதி எடுத்து, மதுரையிலோ கோவையிலோ உள்ள சித்தி வீட்டில் கொடுத்து வைக்கலாம். அதைத் திறக்க இன்டர்நெட் கூட வேண்டாம். கம்ப்யூட்டரில் பிரவுசர் இருந்தால் போதும்.