பத்திரக் காவலரும் நாமும்

சென்ற திங்களில் ஓர் ஞாயிறன்று ஆராதனை முடிந்து வெளியே வருகையில், வேளியிலுள்ள சலவைத் துறையில் தகப்பனார் பாடுபடும் தம்பியொருவன் நம்மை வழிமறித்தான். "அண்ணாச்சி, அவரவர் அழைக்கப்பட்ட நிலைமையிலே தாழ்மையாய் இருக்க வேண்டுமென்று ஐயரவர்கள் பிரசங்கித்தார்களே, அப்படியானால் நான் இரயில்வேப் பரீட்சை எழுதுவது பேராசையா?" என்றான். பார்சல் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் உடனே கண்டுபிடித்துவிடும் நமக்கு, இதற்கு விடை காண ஒரு வாரம் சென்றது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தை எடுத்து முழுவதும் வாசித்தோம். நிலைத்திருக்கும்படி சொல்லும் பவுல் அப்போஸ்தலரே, அடுத்த வசனத்தில், அடிமையாயிருப்பவனுக்கு விடுதலை கிட்டுமாயின் அதனை ஏற்றுக்கொள்வதே நலம் என்கிறார். பிரசங்கங்களில் முன்பாதிக்கு வாய்க்கும் நேரம் பின்பாதிக்கு வாய்ப்பதில்லை. பிறந்த குலத் தொழிலைக் கடவுள் பூட்டிய விலங்கென்று ஏழைக்கு மட்டும் போதிப்பது நமக்கு உடன்பாடன்று.

அப்பொழுது நினைவுக்கு வந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அப்பெரியார், முதலில் அமர்ந்தது நீதிமன்றத்துப் பத்திரக் காவலர் நாற்காலியில்தான். நம்மைப்போல் ஒரு குமாஸ்தா என்றே சொல்லலாம். பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். 1859-இல் வெளியிட்ட நீதிநூலில், தம் அலுவலுக்கே நோயான கைக்கூலியைக் கடிந்து தனி அதிகாரம் வகுத்தார். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி அச்சிட்டார். வழக்காடும் குடியானவனுக்கு விளங்காத மொழியில் வழக்கு நடத்துவதை, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் சாடினார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். இருந்த இடத்தில் பணிவாய் இருந்தாரென்பது உண்மை. ஆயினும் வாய்மூடி இருந்தாரென்று எவரும் சொல்லார்.

இவ்வளவும் எழுதும் நம் கதையைக் கேளுங்கள். ஈராண்டுக்கு முன் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அதில் நம் பெயர் இல்லை. எதிர்பார்ப்பு என்று நாம் அதுவரை எண்ணியிருந்தது ஒரே நாளில் கசப்பாக மாறிற்று. 'நம்மை மதியாதவர்களுக்கு நாம் ஏன் உழைக்க வேண்டும்?' என்று மேசையில் கோப்புகளைக் குவியவிட்டோம். அக்குவியலின் அடியில், சேதமான பார்சலுக்கு இழப்பீடு கேட்டுத் தமிழ்க் கிழவி ஒருத்தி கொடுத்த மனு பதினாறு நாள் கிடந்தது. அவள் தோப்பும்படியிலிருந்து மூன்றுமுறை வந்து, நம்மை நோக்கிக் கும்பிட்டுத் திரும்பினாள். பட்டியலைத் தயாரித்தவர் எவரோ. அந்தக் கிழவியை அலைக்கழித்தவர் நாம். நாற்காலியைக் கடவுள் தந்தாரென்று ஞாயிறுதோறும் பாடிவிட்டுத் திங்களன்று அதில் அமர்ந்து நாம் செய்தது இது.

மறுவாரம் அத்தம்பியிடம், "பரீட்சைக்கு விண்ணப்பம் போடு; உன் தகப்பனார் தேய்க்கும் துணிக்குள்ள மதிப்பு அதனால் குறையாது" என்றோம். அவன் சிரித்து, "கணக்குத்தான் வரவில்லை அண்ணாச்சி" என்றான். இப்பொழுது சனிக்கிழமை மாலைதோறும் நம் வீட்டுத் திண்ணையில் விகிதக் கணக்கு நடக்கிறது. சென்ற வாரம் அவன் தகப்பனாரும் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், மடித்த துணி மூட்டையைத் தோளில் வைத்தபடியே, மகன் விடை சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.