ஈச்ச வெல்லமும் கழுவிய கலயமும்

மார்கழிக் குளிர் வந்ததும் வங்கத்துக் கடைவீதிகளில் நொலேன் குர் என்னும் ஈச்ச வெல்லம் மணக்கத் தொடங்கும். இங்குக் குடியேறிய நம் குடும்பங்களிலும் பொங்கலுக்கு அதனையே வாங்குவோர் பலராயினர். "சென்ற ஆண்டு வாங்கிய வெல்லம் வீடெங்கும் மணத்தது; இவ்வாண்டு வாங்கியதில் வெறும் இனிப்பே உள்ளது. காரணம் யாது?" எனச் சகோதரி ஒருவர் நம்மை வினவினார். விடை காண நாம் ஈச்சந்தோப்பிற்குச் செல்லுதல் வேண்டும்.

ஈச்சமரம் ஏறும் தொழிலாளரை வங்கத்தில் ஷியுலி என்பர். அவர் மாலையில் மரத்தின் உச்சியை ஒட்டிய பகுதியைச் சீவிக் கலயம் கட்டுகின்றார். கதிரவன் எழுமுன் இறக்குகின்றார். குளிர் மிக மிகச் சாறு தெளியும். வெயில் ஏறினாலோ நுரைத்துப் புளிக்கும். நேற்றைய சாறு சிறிதளவு கலயத்தின் மண் துளைகளில் தங்கினாலும், அதில் வளரும் நுண்ணுயிர்கள் இன்றைய சாற்றை இரவோடிரவாகக் கெடுத்துவிடும். ஆதலின் கலயத்தைக் கழுவி, உலர்த்தி, வைக்கோல் தீயின் புகை காட்டி வைக்கின்றனர். நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவதும் இந்நோக்கம் பற்றியே.

கழுவுதலால் நீங்காத கேடும் ஒன்றுண்டு. இரவில் வௌவால்கள் மரத்தின் சீவிய இடத்தை நக்குகின்றன. 2004-2005 குளிர்காலத்தில் வங்கதேசத்தின் தாங்காயில் மாவட்டத்தில் பரவிய நிபா நோயை ஆய்ந்தோர், பச்சைச் சாறு அருந்தியதோடு அதனைத் தொடர்புபடுத்தினர். ஆகவே, காய்ச்சாத சாற்றைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் தரலாகாது. கொதிக்க வைத்தலே காப்பு.

காய்ச்சுதற்கு வாயகன்ற, ஆழமற்ற பாத்திரமே ஏற்றது. நீர் விரைந்து ஆவியாகும். ஏறத்தாழ 10 லிட்டர் சாறு வற்றினால் ஒரு கிலோ வெல்லம் தேறும். தொடக்கத்தில் தீ ஓங்கலாம். நுரையை மட்டும் எடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பாகு தடிக்குங்கால் தீயைத் தணித்துக் கை ஓயாது துழாவவேண்டும். கணப்பொழுது கவனம் தப்பினும் அடிபிடித்து, காலையெல்லாம் பட்ட பாடு கசந்துபோம். பாத்திரத்தின் அடிப்பற்றைச் சுரண்டித் தேய்க்காது விட்டாலோ, அக்கசப்பு மறுநாள் வெல்லத்திலும் ஏறும்.

இவ்வடுப்பின் முன் விழித்திருப்போர் பெரும்பாலும் பெண்டிரே. நம் நெல்லைச் சீமையிலும் ஆடவர் பனையேற, மகளிர் கருப்பட்டி காய்ச்சுவது வழக்கம். நரேந்திரநாத் மித்திரரின் 'ரஸ்' என்னும் வங்கச் சிறுகதையைத் தழுவி, 1973-இல் 'சௌதாகர்' என்ற இந்திப் படம் வெளிவந்தது. வெல்லத்தால் பொருள் சேர்ந்ததும், அதனைக் காய்ச்சித் தந்த மனைவியை விலக்கிவிட்டு இளநங்கை ஒருத்தியை மணக்கின்றான் அதன் நாயகன். புதியவளுக்குப் பாகின் பக்குவம் தெரியவில்லை. சந்தையில் அவன் பெற்றிருந்த நற்பெயர் அழிகின்றது. அடுப்படியில் இருந்தவளின் அருமையை அவன் அப்பொழுதுதான் உணர்கின்றான்.

இனிச் சகோதரியின் வினாவிற்கு வருவோம். புளித்த சாற்றில் சர்க்கரை சிதைந்துபோவதால் வெல்லம் கட்டியாக உறைவதில்லை. அதனை உறையவைக்க ஆலைச் சர்க்கரையைக் கலப்போர் உளர். எடை கூடும், இனிப்பும் கூடும். மணம் மட்டும் வாராது. மலிவு ஒன்றையே கருதி நாம் பேரம் பேசுந்தோறும், கலயத்தைக் கழுவிப் புகைகாட்டும் நேர்மையாளருக்குக் கூலியும் கட்டுவதில்லை. அவர் தொழிலைக் கைவிட, கலப்படக்காரரே சந்தையில் எஞ்சுவர். ஆதலின் நல்ல வெல்லம் தருவார் ஒருவரைத் தேடியறிந்து, முகர்ந்து பார்த்து வாங்கி, உரிய விலையை மனமுவந்து கொடுப்போமாக. நம் பொங்கற் பானையின் மணம், முகமறியாத ஒருத்தி அதிகாலையில் கழுவிய கலயத்திலிருந்து வருவதன்றோ!